விருந்தாளிக்காக எரிந்த விறகு

போடியில் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்கு யாராவது வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், எதற்காக வருகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்ன சாப்பிடுவார் என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவரானாலும் சரி, கட்டணம் கட்டாத வீட்டில் ஃபியூஸைப் பிடுங்க வந்தவரானாலும் சரி, ஒரு காபியைக் குடித்த பிறகுதான் வந்த வேலையைப் பார்க்க முடியும். பியூலா இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு இது தெரியாது என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் கிடையாது. அப்படியிருந்தும், சென்னையிலிருந்து அனுப்பிரியா வரப்போகும் சேதியை அவள் நாலு பேரிடம் சொல்லிவைத்தாள். சொன்னதோடு நிற்காமல், “கொஞ்சம் நல்லபடியாப் பாத்துக்கங்க” என்றும் சேர்த்துக்கொண்டாள். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

பியூலாவுக்கு ஏலக்காய் வியாபாரம். வியாபாரம் மாமனார் யோசேப்புடையது. மலையிலிருந்து உலர்ந்து வரும் காயைத் தரம் பிரிக்கிற கூடம் மட்டும் அவள் பொறுப்பு. பச்சை நிறம் மாறாத பெருங்காய் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பொறுக்கிப் போடுவார்கள். அவர்களுக்குத் தலைவி சூர்யகலா. அவளுடைய வாய் அந்த வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எட்டும். பியூலாவுக்கு அந்தக் கூடம்தான் உயிர். காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைகிற வாசனைக்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் ஒரு நடை வந்துவிட்டுப் போவாள்.

யோசேப்புக்கோ அந்த இடத்தின் மேல் வேறு கணக்கு. மோட்டார் சைக்கிள் ஷோரூம்காரர் ஒருவர் மெயின் ரோட்டைப் பார்த்த அந்தக் கட்டடத்தை வாடகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். காயைப் பொறுக்கி என்ன மிஞ்சுகிறது என்று யோசேப்புக்கும் மனசு சலித்துப்போயிருந்தது. அந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் உள்ள ஒரு மசாலாக் கம்பெனியிடமிருந்து பியூலாவுக்குக் கடிதம் வந்தது. காயின் நிறமும் பருமனும் அவர்களுக்குப் போதாது. ஒரு கிலோ ஏலக்காய் செடியிலிருந்து கப்பலுக்குப் போகிற வரை எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, எவ்வளவு டீசலும் கரண்டும் விறகும் எரிகிறது, அதில் வானத்துக்கு எவ்வளவு புகை போகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் இருந்தால் வருஷா வருஷம் காய் எடுத்துக்கொள்வார்கள்.

“நாம காயை விக்கிறமா, புகையை விக்கிறமா?” என்று கேட்டார் யோசேப்பு. பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “சரிம்மா. அந்த ஆர்டர் வந்துச்சுன்னா கூடம் உன்னுது. சாவிக்கொத்தை உன் கையிலயே குடுத்துர்றேன், உன் பேர்லயே நடத்து. வரலேன்னா தை மாசம் ஷோரூம்காரனுக்குக் குடுத்துருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

பியூலா சம்மதித்தாள். அவளுக்குத் தைரியம் இருந்தது. கூரையில் சூரிய ஒளித் தகடு போட்டாயிற்று. காய் கொடுக்கிற சோலைமலையோ குரங்கணிக்கு மேலே சின்னத் தோட்டம் வைத்திருக்கும் சிக்கனமான மனிதர். அளந்து பார்க்கக் கம்பெனி அனுப்புகிற பெண் அளந்துகொண்டு போகட்டும் என்று இருந்தாள்.

அனுப்பிரியா காலை ரயிலில் வந்து இறங்கினாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு தோளில் மடிக்கணினி, இன்னொரு தோளில் மீட்டர்கள் நிறைந்த பை. பியூலா ஒரு ஜீப்புக்குத்தான் சொல்லியிருந்தாள். ஸ்டேஷன் வாசலில் மூன்று நின்றன.

“எதுக்கு முத்துப்பாண்டி மூணு?” என்று டிரைவரைத் தனியாக இழுத்துக் கேட்டாள்.

“முதல் ஜீப்பு அவுகளுக்கு. அது வழியில மக்கர் பண்ணுனா ஏறிக்கிறதுக்கு ரெண்டாவது. மூணாவதுல பெரியவரு வாங்கிவரச் சொன்ன மாலை இருக்கு.”

அனுப்பிரியா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். “மூணுமே டீசலாண்ணே?”

“டேங்கு நெறைய அடிச்சு வெச்சிருக்கேன்மா, கவலையே படாதீக” என்றான் முத்துப்பாண்டி பெருமையாக. அவள் மடிக்கணினியைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டாள்.

கூடத்துக்குப் போனால் அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டும் இருந்தது. பியூலா மாமனாரிடம் கிசுகிசுத்தாள். “கரண்டு போகலையே மாமா, இது எதுக்கு?”

“போயிறக் கூடாதுன்னுதான போட்டிருக்கேன். அந்தப் புள்ள பேசிக்கிட்டிருக்கும்போது ஃபேன் நின்னுட்டா நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?”

மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. எட்டிப் பார்த்தால் பியூலாவின் கணவன் ஜோயல் ரப்பர் குழாயும் கையுமாக நின்று சூரியத் தகடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து குளிப்பாட்டுகிறானாம், பளபளவென்று இருக்க வேண்டுமாம். கீழே சூர்யகலா தரையை மறுபடி மறுபடி அலசிவிட்டிருந்தாள், பெண்கள் ஈரத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அனுப்பிரியாவுக்கு மாலை விழுந்தது, காபி வந்தது, அதற்குப் பிறகு இன்னொரு காபி வந்தது. அவள் சிரித்த முகமாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, குழாயில் ஒரு மீட்டரையும் ஜெனரேட்டரில் ஒரு மீட்டரையும் மாட்டினாள். மீட்டரில் எண்கள் ஏறுவதை பியூலா பார்த்தாள். ஆனாலும் மலையில் சோலைமலை இருக்கிறார் என்று தேற்றிக்கொண்டாள்.

குரங்கணி தாண்டி ஜீப்பு ஏறும்போதே மேலே புகை தெரிந்தது. காடு பற்றிக்கொண்டதோ என்று முத்துப்பாண்டி ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திப் பார்த்தான். காடில்லை, சோலைமலையின் ஸ்டோர். காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். வெளியே ஓர் அடுப்பு, அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும், உள்ளே வலைத் தட்டுகளில் பச்சைக் காய் பரப்பியிருக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் அந்தச் சூட்டில் கிடந்தால் காய் உலர்ந்துவிடும்.

முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த வாசலில் மறுபடியும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். கீழே ஓடைக்கரையில் டீசல் மோட்டார் தடதடத்துக்கொண்டிருந்தது. அது ஏற்றிய தண்ணீர் தொட்டி நிறைந்து, வழிந்து, கோலத்தையும் ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சோலைமலை வெள்ளை வேட்டியில் நின்றார். அவருடைய சிக்கனத்தைப் பற்றி பியூலா ரயிலடியிலிருந்து அனுப்பிரியாவிடம் அளந்துகொண்டே வந்திருந்தாள்.

“வாங்க தாயி. வெளிநாட்டுக்குப் போற காயில்லையா, மூணு தண்ணி பாத்துக் கழுவியாச்சு” என்று அவர் ஒரு கை காயை அள்ளிக் காட்டினார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. “வழக்கமா ரெண்டு தண்ணிதான். உங்களுக்காக இன்னொண்ணு.”

“இப்படியே தட்டுல போட்டுருவீங்களாண்ணே?” என்று அனுப்பிரியா கேட்டாள்.

“போட்டுட்டோம்ல. ஈரம் வெரசாக் காயணும்னு நல்ல கட்டையாப் பாத்து அடுப்பை ஏத்தியிருக்கேன். நீங்க பாருங்க, எப்பிடி எரியுதுன்னு.”

அவள் பார்த்தாள். பியூலாவும் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அனுப்பிரியா மோட்டாரில் மீட்டர் மாட்டினாள், விறகை எடை போட்டாள், தட்டுகளில் இருந்த காயை எடை போட்டாள். அதற்குள் சோலைமலையின் மனைவி சந்திரவல்லி நாட்டுக்கோழிக் குழம்போடு வந்து நின்றாள். அந்தக் கோழிக்கென்று தனியாக ஒரு அடுப்பு எரிந்தது. குழம்பு அருமையாக இருந்தது. அனுப்பிரியா இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டாள். பியூலாவுக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

இறங்கும்போது ஜீப்பில் பியூலா கேட்டுவிட்டாள். “எப்படிம்மா இருக்கு? எல்லைக்குள்ள வந்துருமா?”

அனுப்பிரியா மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். “இன்னைக்கு மாதிரி இருந்தா வராதுக்கா. பக்கத்துலயே வராது.”

“மூணு ஜீப்பு விட்டது தப்புதான். ஜெனரேட்டரும் தப்புதான். அது ரெண்டையும் கழிச்சுட்டா?”

“அது சின்ன விஷயம். பெருசா இருக்கிறது விறகு. விறகு ஏன் அவ்வளவு எரியுது? காய்ல ஈரம் இருக்கு. ஈரம் ஏன் இருக்கு? கழுவுறீங்க. தண்ணியை மேல ஏத்த டீசல் எரிக்கிறீங்க, ஏத்துன தண்ணியைக் காய் மேல ஊத்துறீங்க, ஊத்துன தண்ணியை வெளியேத்த மறுபடி விறகு எரிக்கிறீங்க. எங்க ஃபாரத்துல தண்ணிக்கு ஒரு கட்டம், எரிபொருளுக்கு ஒரு கட்டம், புகைக்கு ஒரு கட்டம்னு தனித்தனியாத்தான் இருக்கும். நெசத்துல மூணும் ஒரே கயிறு. ஒரு நுனியை இழுத்தா மத்தது கூடவே வந்துரும்.”

பியூலாவின் மனசுக்குள் கூடத்தின் நடுவில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன.

மறுநாள் காய் எடுக்கிற நேரத்துக்கு அவர்கள் மறுபடியும் மேலே போனார்கள். இந்தத் தடவை ஒரே ஜீப்பு. ஸ்டோர் கதவைத் திறந்ததும் சோலைமலையின் முகம் சுருங்கியது. காயை நகத்தால் அழுத்தினால் இன்னும் அமுங்கியது. பாதி காய் வெளிறியிருந்தது. நிறைய வெடித்துக் கிடந்தது. அத்தனை ஈரத்தையும் அத்தனை தீயில் வைத்தால் அறைக்குள் ஆவிதான் நிற்கும். காய் உலர்வதற்குப் பதிலாக வெந்துபோயிருந்தது.

முதல் நாள் முழுக்க அடக்கி வைத்த கோபம் பியூலாவுக்கு அங்கே வெளியே வந்தது. “யாருண்ணே உங்களை மூணு தடவ கழுவச் சொன்னது? மூணு விடுங்க, ரெண்டு தடவ கழுவச் சொன்னது யாரு? எங்க கூடமே போகப்போகுது, தெரியுமா?”

சோலைமலை நிதானமாகத்தான் பதில் சொன்னார். “நீங்கதான் தாயி. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு லோடு காயைத் தூசி இருக்குன்னு திருப்பி அனுப்புனீகளே, ஞாபகம் இல்லையா? சாக்கு மேல பெருசா ‘தூசி’ன்னு எழுதிவிட்டீக. அன்னைலருந்து ஒரு தண்ணிக்கு ரெண்டு தண்ணி. உங்க கிட்ட இன்னொரு தடவ திரும்பி வரக் கூடாதுல்ல.”

பியூலாவுக்கு ஞாபகம் வந்தது. மார்க்கர் பேனாவால் எழுதிய கை அவளுடைய கைதான். சாக்கின் மேல் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு அவள் மறந்துபோனாள். மலையிலோ அன்றிலிருந்து ஒரு மோட்டார் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிட சோலைமலையிடம் கத்தியது வேதனையாக இருந்தது.

“மன்னிச்சுக்கங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ள ஸ்டோரின் பின்பக்கம் போனாள். அங்கேதான் அந்த வாசனை வந்தது. சரியான பக்குவத்தில் உலர்ந்த ஏலக்காயின் வாசனை. பியூலாவின் மூக்கை ஏமாற்ற முடியாது. அவள் இருபது வருஷமாக அந்த வாசனையில்தான் கண் விழிக்கிறாள். பெரிய அறையில் அப்படியொரு காய் இல்லை. பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு, காய் அதிகமாக வருகிற நாளில் மட்டும் மூட்டுவார்கள். அதன் கதவில் சந்திரவல்லி சாய்ந்து நின்றாள். நின்ற விதமே சரியில்லை.

“மதினி, உள்ள என்ன?”

“ஒண்ணுமில்ல தாயி. பழைய சாக்கு.”

“பழைய சாக்கு இப்படி மணக்குமா? நகருங்க.”

உள்ளே இரண்டு மூட்டைக் காய் உலர்ந்து, ஆறி, பச்சைப் பசேலென்று தட்டில் கிடந்தது. பியூலா ஒரு காயைக் குலுக்கினாள். உள்ளே விதை கலகலத்தது. சந்திரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உண்மையைச் சொன்னாள். முதல் நாள் காலையில் மோட்டார் குழாயில் இலை அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீர் ஏறவில்லை. இந்த இரண்டு மூட்டையைக் கழுவ முடியவில்லை. அதற்குள் கீழே ஜீப்பு ஹாரன் கேட்டது. விருந்தாளி வந்து கழுவாத காயைப் பார்த்தால் மானம் போய்விடுமே என்று அதைச் சின்ன அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். நல்ல விறகெல்லாம் பெரிய அடுப்புக்குப் போய்விட்டது; காபிச் செடியைக் கவாத்தில் வெட்டிப்போட்ட குச்சிதான் மிச்சம் இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரித்தாள். விடிகிறபோதே காய் ஆகிவிட்டது.

“எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்தப் புள்ளகிட்டச் சொல்லிராதீக தாயி. ஒரு தண்ணிகூடப் பாக்காத காயி.”

“ஒரு தண்ணிகூடப் பாக்கலையா?” என்று கேட்டது அனுப்பிரியா. அவள் எப்போதோ பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“அப்ப தூசி?” என்றாள் பியூலா. காயை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தாள். தூசியைக் காணோம்.

சோலைமலைதான் அதற்கு விடை சொன்னார், அதுவும் சொல்லும்போதே அவருக்குப் புரிந்து பாதியில் நின்றுபோனார். “சூடா இருக்கும்போதே வலையில போட்டுத் தேய்ப்போம்ல, காம்பும் பூமுனையும் உதிர்றதுக்கு. அதுல தூசியும் போயிரும். அன்னைக்கு உங்களுக்கு அனுப்புன லோடு, தேய்க்கிற ஆளுக குலசாமி கும்பிடப் போயிட்டாகன்னு தேய்க்காமலே...”

சந்திரவல்லிதான் முதலில் சிரித்தாள். அவள் சிரிக்கவும் மற்றவர்களுக்கும் அடக்க முடியவில்லை. தேய்க்க வேண்டியதைத் தேய்க்காமல் விட்டதற்கு, இரண்டு வருஷமாக ஓடையைக் கரைக்கு ஏற்றிக் கழுவியிருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

“அப்ப இந்தக் காயை எழுதிக்கம்மா” என்றாள் பியூலா ஆசையாக.

அனுப்பிரியா மாட்டேன் என்று தலையாட்டினாள். “நான் அளக்காத காயை எழுத முடியாதுக்கா. கம்பெனி இன்னொரு தடவை அளக்க விடும், ஒரே ஒரு தடவை. ஆனா என்னைக்கு வருவேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க இந்த மலையையே கழுவி வெச்சிருவீங்க.”

அவள் போன பிறகு வேலை மாறியது. மண்ணில் விழுந்த காயை மட்டும் ஒரு தண்ணீரில் அலசி, வலையில் வடியவிட்ட பிறகுதான் அறைக்குள் ஏற்றினார்கள். மற்றது சல்லடையில் குலுக்கினால் போதும். தோட்டத்தில் சும்மா மட்கிக் கிடந்த காபிக் குச்சியெல்லாம் அடுப்புக்கு வந்தது. ஓடை மோட்டார் பெரும்பாலும் வாயை மூடிக் கிடந்தது. காய் மூட்டைக்கென்று தனி ஜீப்பு போவது நின்று, வேலையாட்களை இறக்கிவிட்டுச் சும்மா திரும்புகிற ஜீப்பிலேயே மூட்டை இறங்கியது. சோலைமலையின் தொட்டியில் தவளை குடிவந்துவிட்டதாக முத்துப்பாண்டி சொன்னான்.

யோசேப்புக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “வர்ற பொண்ணு சொல்லாம வருமாம், நாம கவனிக்கக் கூடாதாம். இது என்ன நாகரிகம்?” என்று சாப்பாட்டு மேசையில் தினமும் கேட்டார். நாட்கள் போயின. அனுப்பிரியாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஷோரூம்காரர் மட்டும் தவறாமல் போன் செய்தார். கார்த்திகை பிறந்தது. ஒரு நாள் அவர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

அவருக்கும் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவர் கூடத்தின் நீளத்தை அளக்க ஆரம்பித்தார். பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, டேப்பு வருகிற இடத்தில் காலை மடக்கிக்கொண்டார்கள். சூர்யகலாகூட வாயைத் திறக்கவில்லை. பியூலா தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் போன் அடித்தது. சந்திரவல்லி.

“தாயி” என்றதும் அந்தப் பக்கம் அழுகை. “பெரிய பாவம் பண்ணிட்டேன் தாயி.”

“என்ன மதினி? ஸ்டோர் பத்திக்கிருச்சா?”

“அதெல்லாம் இல்ல. அந்தப் புள்ள வந்துச்சு. நேத்து விடியக்கால, வேலைக்காரப் பொம்பளைங்க வர்ற ஜீப்புல தொத்திக்கிட்டு வந்து இறங்குச்சு. வாசல்லயே நின்னு சத்தியம் வாங்கிக்கிருச்சு, ஒரு டம்ளர் காபி குடுத்தாலும் அதையும் கணக்குல எழுதுவேன்னுருச்சு. போடிக்கும் சொல்லக் கூடாதுன்னுருச்சு. நானும் உங்களுக்காகன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அது எங்க ஸ்டோர் வாசல்ல உக்காந்து ரொட்டியைத் தின்னுச்சு தாயி. நான் உள்ள கருவாட்டுக் குழம்ப வெச்சுக்கிட்டு அழுதேன். அது ஜீப்பு ஏறிப் போயி ரொம்ப நேரமாச்சு, மனசு கேக்காம இப்பத்தான் சொல்றேன். எங்க பரம்பரையிலயே இப்பிடி ஒரு கேடு நடந்ததில்ல.”

பியூலா போனை வைப்பதற்குள் வாசலில் அனுப்பிரியா நின்றாள். சட்டையெல்லாம் சேறு, தலையில் காபி இலை. பையைக் கீழே வைக்காமல் உள்ளே வந்து, தண்ணீர் மீட்டரைப் பார்த்தாள், கரண்டு மீட்டரைப் பார்த்தாள், பூட்டிக் கிடந்த ஜெனரேட்டர் அறையைப் பார்த்தாள். யோசேப்பு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“வாம்மா, வா. ஏ சூர்யகலா, வெரசா ஒரு காபி...”

“ஐயா, வேண்டாம்” என்று அனுப்பிரியா கையைக் காட்டித் தடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். ஷோரூம்காரர் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தபடி நின்றார். தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் நிமிர்ந்தாள், பியூலாவைப் பார்த்தாள்.

“ரெண்டு நாளா உங்க ஆளுங்க ஒருத்தரும் எனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கலக்கா” என்றாள். குரல் களைத்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது. “எல்லைக்கு ரொம்பக் கீழே இருக்கீங்க. விறகு பாதிக்கும் கீழ. ஆர்டர் உங்களுக்குத்தான்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூர்யகலா முறத்திலிருந்த காயைத் தவறான குவியலில் கொட்டிவிட்டாள். பியூலா போய் அனுப்பிரியாவைக் கட்டிக்கொண்டாள், சேற்றோடு. பசியோடு வந்த பிள்ளையை எண்ணி ஒரு கண்ணும், கூடத்தை எண்ணி ஒரு கண்ணும் அழுதன. ஷோரூம்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, “பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எடம் இருக்குன்னாங்க” என்று தனக்குத்தானே சொல்லியபடி நடையைக் கட்டினார்.

யோசேப்பு எதையும் காதில் வாங்கவில்லை. அவர் பார்வை மடிக்கணினி மேலேயே இருந்தது. “எழுதி முடிச்சாச்சா தாயி?”

“முடிச்சாச்சு ஐயா.”

“அனுப்பியாச்சா?”

“அனுப்பியாச்சு.”

“அந்தப் பொட்டிய மூடு.” அவள் மூடினாள். “ஜோயலு” என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த ஜோயல் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தான். “பிரியாணி கொண்டா. எத்தனை பொட்டலம் கெடைக்குதோ அத்தனையும் கொண்டா. ரெண்டு நாளா பட்டினி போட்டிருக்கோம்டா பச்சப் புள்ளைய.” பிறகு சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மருமகளின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

எல்லோரும் கூடத்திலேயே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் கரண்டு போனது. ஃபேன் நின்றது. யோசேப்புக்கு மானம் போனாற்போல் ஆகிவிட்டது.

“ஜோயலு, எந்திரி, ஜெனரேட்டரப் போடு.”

ஜோயல் எழுந்து சாவிக்காக அப்பாவிடம் கையை நீட்டினான். யோசேப்பு சட்டைப் பையைத் தடவினார், மடியைத் தடவினார், பிறகு மெல்லத் தலையைத் திருப்பினார். சாவிக்கொத்து பியூலாவின் இடுப்பில் இருந்தது.

“நீங்க உக்காருங்க மாமா” என்றாள் பியூலா. “சூர்யகலா, அந்த முறத்தை எடு.” சூர்யகலா எச்சிற்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடக்கையால் முறத்தை எடுத்து விருந்தாளிக்கு வீசினாள். ஏலக்காய் வாசனையோடு காற்று வந்தது. அனுப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பிரியாணி கேட்டாள்.